வைஃபை பெட்டியில் சிவப்பு விளக்கா? சுவரில் அடிச்ச கிளிப்பை முதல்ல பாருங்க!

ஸ்ரீவில்லிபுத்தூர் ரதவீதிப் பக்கம் ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்வோம். மாடி அறையில் லேப்டாப், பெங்களூரு ஆபீஸோடு மீட்டிங். பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் உறைந்து நிற்கிறது. ரீசார்ஜ் இருக்கு, பெட்டியும் புதுசு. அப்புறம் என்னதான் பிரச்னை?

பல வீடுகளில் விடை வாசல் நிலைக்கு மேலேயே இருக்கிறது. ஒயரைச் சுவரோடு பிடித்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப்தான் அது.

கரண்ட் ஒயர் மாதிரி இல்லையா?

இல்லை. கரண்ட் ஒயரில் இருப்பது செம்பு. கொஞ்சம் நசுங்கினாலும் மடங்கினாலும் மின்சாரம் போய்விடும். ஃபைபரில் இருப்பது கண்ணாடி இழை. அதன் மொத்தத் தடிமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மி.மீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி ஓடும் நடுப்பகுதி அதிலும் சுமார் 9 மைக்ரான்தான்.

பள்ளியில் படித்த ‘முழு அக எதிரொளிப்பு’ ஞாபகம் இருக்கா? அந்த விதிப்படிதான் ஒளி இழைக்குள்ளேயே அடைபட்டு ஓடுகிறது. இழை ரொம்ப மடங்கினால், வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும். ஆணி இறுக்கிப் பிடித்தாலும் இதே கதைதான். வெளி உறையில் கீறல்கூடத் தெரியாது. உள்ளே இழை நுணுக்கமாக நெளிந்து, ஒளி குறைந்துகொண்டே போகும்.

எவ்வளவு இழப்பு?

நேராகக் கிடக்கும் நல்ல ஃபைபரில் ஒரு கி.மீட்டருக்கு இழப்பு சுமார் 0.35 டெசிபல். 3 டெசிபல் போனால் ஒளி பாதியாகிவிடும். சுவர் மூலையில் ஒரே ஒரு மோசமான மடிப்பு 3 டெசிபலைத் தின்றால், அது சுமார் 8.5 கி.மீ. ஃபைபரில் ஏற்படும் இழப்புக்குச் சமம். எக்ஸ்சேஞ்சில் இருந்து கி.மீ. கணக்கில் பத்திரமாக வந்த ஒளி, வாசலில் வந்து வீணாகிறது.

எவ்வளவு வளைக்கலாம் என்பதற்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தரம் வகுத்திருக்கிறது. ஜி.652 என்ற வழக்கமான ஃபைபருக்கு 30 மி.மீ. ஆரம் பாதுகாப்பானது, அதாவது ஒரு டம்ளர் வாய் அளவு வட்டம். வீடுகளுக்காகவே வந்த ஜி.657 ஏ2 ரகம் 7.5 மி.மீ. ஆரம் வரை தாங்கும். அது சுண்டுவிரலைச் சுற்றுகிற அளவு. உங்கள் வீட்டில் எந்த ரகம் என்று தெரியாதா? டம்ளர் அளவையே பின்பற்றுங்கள், வம்பில்லை.

நல்ல கிளிப் எப்படி இருக்கணும்?

*பிடிக்கணும், நெரிக்கக் கூடாது:* வீட்டுக்குள் வரும் தட்டை ஃபைபர் ஒயர் பெரும்பாலும் 2 மி.மீ.க்கு 3 மி.மீ. அளவில் இருக்கும். கிளிப்பின் பள்ளம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். மாட்டிய பிறகு விரலால் லேசாக இழுத்தால் ஒயர் நகரணும். அதுதான் சோதனை.

*முதலில் ஆணி, பிறகு ஒயர்:* கிளிப்பைச் சுவரில் பதித்துவிட்டு, கடைசியில் ஒயரை உள்ளே அழுத்தி மாட்டும் வடிவமே நல்லது. சுத்தியல் ஒயர் பக்கமே போகாது. ஆணித்தலை பிளாஸ்டிக் மேடையில் தட்டி நிற்க வேண்டும். ஒயர் மீது இறங்கக் கூடாது.

*மூலைக்குத் தனித் துண்டு:* 90 டிகிரி மூலையில் சாதாரண கிளிப் இரண்டை அடித்தால் ஒயர் மடிந்துவிடும். வளைவு உள்ள மூலைத் துண்டு வேண்டும். ஓரங்கள் எல்லாம் மழுங்கலாக இருப்பது நல்லது.

*வெயில் தாங்கணும்:* 3டி பிரிண்டரில் சொந்தமாகச் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க. பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். நம்ம ஊர் வெயில் விழும் வெளிச்சுவருக்கு அது சரிப்படாது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் ஏஎஸ்ஏ போன்றவை பொருத்தம்.

பழைய வீட்டுச் சுவர் என்றால்?

சுண்ணாம்பு அடித்த சுவரில் இரண்டு பக்க டேப் ஒட்டினால் பொடியோடு சேர்ந்து உதிரும். ஆணி அடித்தால் காரை பெயரும். டிரில் போட்டு, பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்குவதே நிலைக்கும். ஒரு கிளிப் கழன்றால் ஒயரின் எடை அடுத்த கிளிப்பில் விழுந்து, அங்கே மடிப்பு வரும்.

இப்போ என்ன செய்யலாம்?

• சுவரில் ஒயர் போகும் பாதை முழுக்கப் பாருங்கள். இறுக்கமான கிளிப், கூரான மடிப்பு இருந்தால் மெதுவாகத் தளர்த்துங்கள்.

• மிச்ச ஒயரை டம்ளர் அளவுக்குக் குறையாத வட்டமாகச் சுற்றி, தளர்வாகக் கட்டுங்கள்.

• ஒயர் அறுந்திருந்தால் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். வரும் லேசர் ஒளி கண்ணுக்கே தெரியாது. கண்ணாடித் துணுக்கும் விரலில் ஏறும்.

• தளர்த்திய பிறகும் சிவப்பு விளக்கு போகலையா? ஊழியரிடம் பவர் மீட்டரில் ஒளி அளவு பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான இணைப்புகளில் பெட்டிக்கு வரும் ஒளி மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால் சிக்கல் நிச்சயம்.

தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் பணியை டான்ஃபிநெட் நிறுவனம் செய்துவருகிறது. ஊருக்கு வந்த ஒளி வீட்டுக்குள்ளும் முழுசாக வரணும் என்றால், கடைசிச் சில மீட்டரில் சுத்தியலைக் கொஞ்சம் மெதுவாகத்தான் பிடிக்க வேண்டும்.