ஈக்கும் நமக்கும் ஒரே கடிவாளம்

பரிசோதனை அறிக்கையைக் கையில் ஏந்தி எம்மிடம் வரும் உறவினர் பலர், அதில் காணும் 'டிபி53 மரபணுவில் மாற்றம்' என்ற வரியைச் சுட்டி, "இது எங்கள் பரம்பரையில் உள்ள குறையா?" என்று தயங்கியபடி கேட்கின்றனர். விடை கூறுமுன், அத்தகைய மரபணுக்களின் தொன்மையைப் பற்றிச் சற்றுச் சொல்ல விரும்புகிறோம்.

செல்களைப் பெருகச் செய்யும் மரபணுக்கள் இருப்பதுபோலவே, போதுமென்று தடுத்து நிறுத்தும் மரபணுக்களும் உண்டு. இவை மனிதனுக்கென்று புதிதாய்த் தோன்றியவை அல்ல. அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றும் சின்னஞ்சிறு பழ ஈயிலும் உள்ளன. அவற்றுள் ஒன்று பழுதுபட்டால் ஈயின் உடலில் கட்டிகள் புடைப்பதை 1995ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கண்டனர். ஒரு குழுவினர் அதற்கு மரு என்று பொருள்படும் 'வார்ட்ஸ்' என்றே பெயரிட்டனர். நம் உடலில் அதற்கு இணையானது 'லாட்ஸ்1'. அம்மரபணு இழந்து மடியவேண்டிய ஈக்களுக்கு மனிதனின் லாட்ஸ்1 அளிக்கப்பட்டபோது அவை பிழைத்தன என்று 1999இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. ஈயும் மனிதனும் பொது மூதாதையிடமிருந்து பிரிந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன! எத்தனை முறை படித்தாலும் எமக்கு இது வியப்பே. உரிய அளவில் நிற்கத் தெரியாத உறுப்போடு எவ்வுயிரும் தேறாது. ஆதலால் இயற்கை இக்கடிவாளத்தைக் கைவிடவில்லை.

டிபி53இன் உறவு மரபணு, பாறையில் ஒட்டி வாழும் கடற்சாமந்தியிலும் உண்டு. மரபுப்பொருள் சேதமுற்ற செல்லை அது நிறுத்திச் சீர்செய்ய விடும். சீராகாவிடில் அழியச் செய்யும். நமக்கு அது தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என ஓர் இணையே. யானைக்கோ 20 இணைகள் என 2015இல் அறியப்பட்டது. அத்தனை பெரிய உடலிருந்தும் யானைக்குப் புற்றுநோய் அரிதாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமெனக் கருதுகின்றனர்.

இனி, அந்த வரி. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் டிபி53 பழுதுபட்டிருக்கிறது. பெரும்பாலும் அப்பழுது வாழ்நாளில், கட்டியின் செல்களில் மட்டுமே நேர்ந்தது, பிள்ளைகளுக்குச் செல்லாது. மிகச் சில குடும்பங்களிலேயே அது பிறவியிலிருந்து தொடர்கிறது. அங்கே இளவயதிலேயே பலருக்கு மார்பகப் புற்றோ, மூளைக் கட்டியோ, எலும்பு, தசைப் புற்றோ காணப்படும். கட்டியை மட்டும் சோதித்த அறிக்கை இவ்விரண்டையும் உறுதியாய்ப் பிரித்துக் காட்டாது. அதற்கு இரத்தத்தில் தனிச் சோதனை தேவைப்படலாம். அடுத்த முறை மருத்துவரைக் காண வருகையில், தாய்வழி, தந்தைவழி இருபுறத்திலும் எவருக்கு, எவ்வயதில், எந்தப் புற்றுநோய் வந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.