24 மணி நேரம், 100 மைல்: வேகத்தை முடிவு பண்றது யாரு?

குதிரைப் பந்தயம்னா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்னு நினைப்போம். இன்னைக்கு நாம பேசப்போற பந்தயம் ஒரு முழு நாள் ஓடும். பேரு டெவிஸ் கப். கலிஃபோர்னியாவில், தாஹோ ஏரிப் பக்கத்துல இருந்து சியரா நெவாடா மலையைத் தாண்டி ஆபர்ன் ஊர் வரைக்கும் 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர். 1955-ல வெண்டெல் ரோபி என்பவர் தொடங்கினது. காலை 5:15-க்குக் கிளம்பினா, மறுநாள் காலை 5:15-க்குள்ள வந்து சேரணும். கிளம்புற குதிரைகள்ல கிட்டத்தட்ட பாதிதான் முடிக்கும்.

முதல்ல கணக்கு. 24 மணி நேரத்துல ரெண்டு கட்டாய ஓய்வு, தலா ஒரு மணி நேரம். மிச்சம் 22. தண்ணி, சாப்பாடு, மத்த சோதனைகளுக்கு ரெண்டு மணி நேரம் போனா, நகர்றதுக்கு 20 மணி நேரம். குதிரை நடந்தா மணிக்கு சுமார் 6 கிலோமீட்டர். நடந்தே போனா 120 கிலோமீட்டர்தான் வரும், ஃபெயில். மெதுவான துள்ளோட்டம் 12-ன்னு வெச்சுக்கிட்டா, 6 மணி 40 நிமிஷம் துள்ளோட்டம், மிச்சம் நடை. இது பேப்பர் கணக்கு. மலைச் சரிவும் பகல் வெயிலும் இதுல இல்ல.

இந்த நேர வரம்பு எல்லாக் குதிரைக்கும் ஒண்ணுதான். ஆனா உடம்பு ஒண்ணு இல்ல. தசை செலவழிக்கிற சக்தியில பெரும்பகுதி சூடா மாறுது. அது தோல் வழியா வெளியே போகணும். ஒல்லியான அரபுக் குதிரைக்கு எடையோட ஒப்பிட்டா தோல் பரப்பு அதிகம், சீக்கிரம் ஆறிடும். தசை திரண்ட பெரிய குதிரைக்குள்ள சூடு தங்கிடும். அதனால பெரிய குதிரை ஓட்டுறவர் வெயிலுக்கு முன்னாடியே, குளிர்ந்த நேரத்துல கொஞ்சம் துள்ளவிட்டு, மதியம் பள்ளத்தாக்குகள்ல நடக்க வைக்கணும். வழியில கிடைக்கிற தண்ணியை எல்லாம் உடம்பு மேல ஊத்தணும்.

இன்னொரு சிக்கல்: குதிரையோட வியர்வையில உப்பு ரொம்ப அதிகம். தண்ணியோட உப்பும் சேர்ந்தே போறதால, உடம்பு வறண்டாலும் தாக உணர்வு லேட்டாத்தான் வரும். குடிக்கலைன்னா தாகம் இல்லைன்னு அர்த்தம் இல்ல.

சரி, வேகமாப் போய் நேரத்தை மிச்சம் பிடிக்கலாமே? இங்கதான் அந்த அழகான விதி. ஓய்வு இடத்துக்கு நீங்க வந்த நிமிஷத்துல இருந்து ஓய்வு நேரம் ஆரம்பிக்காது. குதிரையோட இதயத்துடிப்பு, பெரும்பாலும் நிமிஷத்துக்கு 60 அல்லது 64-க்கு, இறங்கின பிறகுதான் ஆரம்பிக்கும்.

ஒரு உதாரணம். முதல் குதிரை வேகமா ஓடி 12:00 மணிக்கு வருது. துடிப்பு இறங்க 25 நிமிஷம். ரெண்டாவது குதிரை 12:15-க்கு வருது. கடைசி ஒரு கிலோமீட்டர் ஓட்டுறவர் இறங்கி கூடவே நடந்தார், அதனால 5 நிமிஷத்துல இறங்கிடுச்சு. ரெண்டாவதோட ஓய்வு 12:20-க்கே தொடங்குது, முதலாவதுக்கு 12:25. பின்னாடி வந்தது முன்னாடி கிளம்புது, அதுவும் கம்மியாக் களைச்சு.

அப்புறம் கால்நடை மருத்துவர் பார்ப்பார்: நொண்டுதா, குடல் சத்தம் கேட்குதா, ஈறு ஈரமா இருக்கா. தோத்தா அங்கேயே முடிஞ்சது.

நம்மள்ல நிறைய பேர் மாரத்தான் ஓடுறோம், அதனால இதையும் சொல்லணும். முந்தின வருஷம் தன் குதிரை நொண்டிப் பாதியில நின்ன கார்டி ஐன்ஸ்லீ, 1974-ல இதே பாதையை 24 மணி நேரத்துக்குள்ள காலால ஓடியே முடிச்சார். இன்னைக்குப் பிரபலமா இருக்கிற வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் அல்ட்ரா ஓட்டத்துக்கு அதுதான் விதை.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஓடுறவருக்குத் தன் வலி தெரியும், நிறுத்திக்கலாம். குதிரையால வாய் விட்டுச் சொல்ல முடியாது. கேட்டா இன்னும் ஓடும், சில நேரம் உயிர் போற அளவுக்கு. அதனால மருத்துவர் பாஸ் பண்ணினாலும், "இன்னைக்கு இது போதும்"னு ஓட்டுறவரே விலகிக்கலாம். 24 மணி நேரம்ங்கிறது போட்டிக்காரங்க வெச்ச எல்லை. வேகத்தை முடிவு பண்றது அன்னைக்கு அந்தக் குதிரையோட நாடித்துடிப்பு.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.