உப்புநீர்க் கறையும் கார் மெருகும்

கறை போகவேண்டும் என்றுதான் காரைக் கழுவுகிறோம். கழுவியதனாலேயே கறை படியுமானால் யாரிடம் போய் முறையிடுவது? கடக்வாஸ்லாப் பக்கத்தில் குடியேறியுள்ள நம் தமிழன்பர்களில் கார் வைத்திருப்போர் இக்கேள்வியை ஒரு முறையேனும் கேட்டிருப்பார்கள். கறுப்பு அல்லது கருநீல வண்டியாக இருந்துவிட்டால் தினந்தோறும் கேட்டிருப்பார்கள்.

பூனா நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், முட்டா நதியின் குறுக்கே நிற்கிறது கடக்வாஸ்லா அணை. 1903-ஆம் ஆண்டில் விசுவேசுவரய்யா அவர்கள் வகுத்த தானியங்கி மதகுகள் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது இவ்வணையில்தான். 1961 ஜூலை 12-ஆம் தேதி மேலேயுள்ள பான்ஷேத் அணை உடைந்து, அந்த வெள்ளத்தில் இதுவும் உடைந்து, பூனா நகரமே நீரில் மூழ்கிய கதையை இங்குள்ள முதியவர்கள் இன்றும் சொல்லுவார்கள். 1916-இல் தோன்றிய மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையமும் இவ்வூரிலேயே இருக்கிறது. இவ்வளவு பெருமை வாய்ந்த நீரின் கரையில் வாழும் நமக்குக் குழாயில் வருவது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர். அது வற்றினால் டாங்கர் நீர். ஏரி கண்ணுக்கு, போர் தண்ணீர் வாளிக்கு என்று நம் இல்லத்தரசி சொல்வது வழக்கம். 2021-இல் இக்கிராமம் பூனா மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டபோது நாம் மகிழ்ந்தது உண்மைதான். மாநகராட்சியின் பெயர்ப்பலகை வந்த வேகத்தில் குழாய் வரவில்லை.

கறையின் மூலம் அந்த ஆழ்துளை நீர்தான். மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சற்றே புளிப்புத் தன்மை அடைகிறது. அந்நிலையில் தக்காணத்துக் கருங்கற்பாறைகளினூடே கசிந்து செல்லுங்கால் கால்சியம், மக்னீசியம் ஆகிய உப்புக்களையும், சிறிதளவு சிலிக்காவையும் கரைத்துக்கொண்டு ஊறி நிற்கிறது. நீர் ஆவியானதும் வாயு பறந்துவிடும். உப்பு மட்டும் வெள்ளையாகப் பின்தங்கும். வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில் ஏடு ஏடாகப் படிந்திருப்பதும் இதுவே. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. நம்மைப் போன்ற ரயில்வே குடும்பத்தாருக்கு இது புதிய சங்கதி அன்று. நம் பாட்டனார் ஜோலார்பேட்டை எஞ்சின் ஷெட்டில் வேலை பார்த்தவர். கடின நீரால் பாய்லருக்குள் படியும் காரையைக் கழுவித் தள்ளுவதிலேயே தம் ஆயுளில் பாதி போயிற்று என்பார்.

கறை ஏன் வட்டமாக, ஓரம் தடித்து விழுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. மேசைமீது சிந்திய காப்பிச் சொட்டு உலர்ந்தபின் நடுவில் வெளுத்து, விளிம்பில் கறுத்துக் கிடப்பதைக் காணாத தமிழர் உண்டோ? சொட்டின் ஓரம் முதலில் உலர்கிறது. அவ்விடத்தை நிரப்ப நடுவிலிருந்து நீர் ஓடுகிறது. கரைந்ததும் கலந்ததும் அதனுடன் ஓரத்துக்குப் போய்ச் சேருகின்றன. 1997-இல் சிக்காகோ சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் இதனை விளக்கினார்கள். காப்பிக் கறைக்காகவும் ஆராய்ச்சி நடக்கிறது என்று அறிந்தபோது நமக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

இனி நம் சொந்தக் கதையைச் சொல்லியாகவேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன் கருநீல நிறத்தில் பழைய கார் ஒன்றை வாங்கினோம். குடியிருப்பில் நமக்குக் கிடைத்த நிறுத்துமிடம் புல்வெளியை ஒட்டியது. விடியற்காலையில் புல்லுக்குத் தெளிக்கும் போர் தண்ணீர் காற்றில் பறந்து காரின் முகப்பில் விழும். ஒன்பது மணிக்கு வெயில் ஏறி அதைச் சுட்டுவிடும். கோடை முடிவதற்குள் முகப்பு முழுவதும் அம்மைத் தழும்பு கண்ட முகம் போலாயிற்று. மெருகிடும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பையன் வெயிலில் காய்ந்த தகட்டின் மீதே கரடான காம்பவுண்டைப் பூசி, வேகமாகச் சுழலும் எந்திரத்தை வைத்து அழுத்தினான். பத்தே நிமிடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி போல் பளபளத்தது. நாமும் மயங்கிப் பணம் கொடுத்தோம். வீட்டுக்கு வந்து நிழலில் பார்த்தபோதுதான் முகப்பின் மேட்டு விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு மேற்பூச்சே தேய்ந்து, வெளிறிப்போயிருந்தது தெரிந்தது. புதுப்பூச்சு அடிக்க அந்த மாதச் சம்பளத்தில் கால் பங்கு போயிற்று.

நேர்ந்த பிழையை விளங்கிக்கொள்வது நன்று. முற்காலத்து அம்பாசடர் போன்ற வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. துணியால் தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டும். இக்காலத்துக் கார்களில் நிறப்பூச்சின் மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்று இருக்கிறது. வெயிலைத் தாங்குவது அதுவே. அதன் கனம் பெரும்பாலும் 40 அல்லது 50 மைக்ரான். தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. மெருகிடுவது என்றால் இந்தப் பூச்சைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, கறை விழுந்த குழியின் அடிமட்டத்துக்குச் சுற்றுப்புறத்தையும் இறக்குவதேயாகும். குழியை நிரப்புவதாக நினைப்பது தவறு. தேய்ந்தது திரும்பாது. மேட்டு விளிம்புகளில் பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும். எந்திரத்தின் சூடும் அங்கேயே சேரும்.

ஆறு மாதங்களுக்குப்பின், நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர் வந்தார். தூத்துக்குடிக்காரர், ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்ப இருந்தார். காரையும் கொண்டுபோகலாமென்றால் இங்கே தடையின்மைச் சான்று வாங்கி, அங்கே மீண்டும் ஆயுள்வரி கட்டவேண்டும். பழைய வண்டிக்கு அது கட்டுப்படியாகாது. ஆகையால் விற்க முற்பட்டார். வந்து பார்த்தவர் கறைகளைக் காட்டி முப்பதாயிரம் ரூபாயைக் குறைத்துவிட்டார். ஊரிலுள்ள வீட்டின் கூரைக்கு அந்தப் பணத்தைத்தான் அவர் நம்பியிருந்தார்.

"தம்பி, நீங்க ஒருதடவ பட்டவரு. உங்க கையால செஞ்சா எனக்குத் தைரியம்" என்றார்.

"அண்ணாச்சி, பட்டவன் என்பதனால்தான் எனக்குப் பயம்" என்றோம். அவர் விடவில்லை. நாமும் நிறையப் படித்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கு ஒதுக்கினோம்.

முதல் ஞாயிறன்று மெருகையே தொடவில்லை. காலை ஆறு மணிக்கு, தகடு கைக்குக் குளிர்ந்திருக்கும்போது, நிழலில் நிறுத்தி நன்றாகக் கழுவினோம். மண்துகள் இருக்கையில் தேய்ப்பது உப்புக்காகிதம் போட்டுத் தேய்ப்பதற்கு ஒப்பாகும். பிறகு வெள்ளை வினிகரையும் சம அளவு நீரையும் கலந்து, மெல்லிய துணியை நனைத்துக் கறைமீது இரண்டு நிமிடம் போர்த்தினோம். அண்ணாச்சியின் மனைவியார், "பித்தளைக்குப் புளி போடுறாப்பல" என்றார். மிகச் சரி, புளிப்புக்குச் சுண்ணாம்பு கரையும். ஆனால் புளியையே போட்டுவிடவேண்டாம், அதன் நாரும் கோதும் கீறும். வினிகர் உலருமுன் சோப்பு நீரால் கழுவிவிடுவது முக்கியம். புதிய கறைகளில் பெரும்பகுதி இவ்வளவிலேயே மறைந்தது. மூன்று நான்கு பேர் நம்மிடம், "கழிப்பறை ஆசிட்டைக் கலந்து தடவினால் என்ன?" என்று கேட்டதுண்டு. கூடவே கூடாது. பூச்சையும், ஓரத்து உலோகத்தையும், மூச்சையும் அது கெடுக்கும். சிலிக்காக் கறையை அறுக்கும் புளோரைடு கலந்த கண்ணாடித் திரவங்கள் அதனினும் கொடியவை. தோலின் வழியே இறங்கி எலும்புவரை தாக்கக்கூடியவை. குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தப் புட்டியே வேண்டாம்.

எஞ்சியவை வினிகருக்கு அசையாத பழங்கறைகள். இரண்டாம் ஞாயிறன்று அவற்றைக் கவனித்தோம். நகத்தால் மெல்ல வருடினோம்; நகம் தட்டாத இடங்கள் மெருகுக்கு அடங்கும் என்பது கணக்கு. ரப்பர் ஓரங்களுக்கும் மேட்டு விளிம்புகளுக்கும் காகித நாடா ஒட்டினோம். சுழன்றுகொண்டே தள்ளாடும் இரட்டை இயக்க எந்திரம் ஒன்றை இரவல் வாங்கியிருந்தோம்; இது ஓரிடத்தில் சூட்டைச் சேர்க்காது. கரடான காம்பவுண்டை எடுக்காமல், மிக மென்மையான மெருகையும் மிருதுவான பஞ்சுத் திண்டையும் கொண்டு, கதவின் கீழ்ப்பகுதியில் இரண்டடிச் சதுரம் மட்டும் சோதித்தோம். எந்திரத்தின் பாரத்துக்கு மேல் கை அழுத்தம் தராமல், குறுக்கும் நெடுக்குமாக நான்கு முறை. அடிக்கடி புறங்கையை வைத்துச் சூடு பார்த்தோம்.

இவ்விடத்தில் ஓர் ஏமாற்று உண்டு. மெருகிலுள்ள எண்ணெய்ப்பசை குழிகளில் தங்கிக் கறை போனதுபோல் காட்டும். இரண்டு மழைக்குப்பின் எல்லாம் திரும்பிவிடும். நமக்குக் கடைக்காரப் பையன் காட்டிய பளபளப்பிலும் பாதி அதுதான். எனவே நீரில் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பசையைத் துடைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தோம். உண்மையாகவே போயிருந்தது. அதற்குப் பிறகே முகப்புக்கும் கூரைக்கும் சென்றோம். மாலை நான்கு மணி ஆயிற்று. இடுப்பு ஒடிந்துபோயிற்று, அண்ணாச்சி வீட்டு ஆப்பமும் தேங்காய்ப்பாலும் இல்லாவிட்டால் பாதியில் கிளம்பியிருப்போம். இறுதியில் மெழுகு பூசினோம். மெழுகு இருந்தால் நீர் முத்துமுத்தாக நின்றுவிடும், துடைப்பது எளிது. துடைக்காமல் விட்டால் அந்த முத்தே அடுத்த கறையாகும். இதைப் பலர் உணர்வதில்லை.

பின்கதவில் ஏழு கறைகள் மட்டும் நகத்துக்குத் தட்டின. மென்மெருகு அவற்றை மங்கச் செய்ததே தவிர அழிக்கவில்லை. கரடான காம்பவுண்டு கையருகில் இருந்தது. அண்ணாச்சி நம் முகத்தைப் பார்த்தார். அவ்விடத்தில் எத்தனை மைக்ரான் மிஞ்சியிருக்கிறது என்று அறியும் கருவி நம்மிடம் இல்லை. மூடிவைத்துவிட்டோம்.

இப்போது நம் வீட்டுப் பழக்கத்தில் மாறுதல்கள் சில உண்டு. செயலாளரிடம் மன்றாடி, புல்லுக்குத் தெளிக்கும் குழாயின் வாயைத் திருப்பி வைத்தோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூரையிலிருந்து விழும் மழைநீரை, முதல் மழையின் அழுக்கு போனபின், பீப்பாயில் பிடிக்கிறோம். உப்பற்ற நீர் அது. போர் தண்ணீரில் கழுவியபின் கடைசி அலசலுக்கு ஒரு வாளி மழைநீர் போதும். உடனே துடைத்துவிட வேண்டும். மற்ற மாதங்களில் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதோடு சரி. எந்த நாளும் வெயிலில் கழுவுவதில்லை.

அண்ணாச்சியின் வண்டியை வாங்க அதே மனிதர் அடுத்த வாரம் வந்தார். உச்சிவெயிலில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார். பின்கதவின் ஏழு கறைகளை அவர் கவனிக்கவில்லை. அண்ணாச்சியே அவரை அழைத்துக்கொண்டுபோய், தமக்குத் தெரிந்த மராத்தியில் எண்ணிக் காட்டினார். நாம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். முப்பதாயிரம் குறைத்தவர் ஐயாயிரத்தோடு நிறுத்திக்கொண்டார்.