சூலியா தெருக் கடைவீட்டில் பின் அறைக்கு இணையம் போன வழி

சூலியா தெருவின் கடைவீடுகளைத் தெருவில் நின்று பார்த்தால் அகலம் மட்டும்தான் தெரியும். நீளம் உள்ளே போனால்தான் தெரியும். முன்னால் ஐந்தடிப் பாதை, அதைத் தாண்டிக் கடை, அதன் பிறகு படிக்கட்டு, வெயிலும் மழையும் நேராக இறங்கும் முற்றம், அதற்கும் பின்னால் சமையலறை, அதன் மேல் ஓர் அறை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த தடித்த சுவர்கள். மின்விசிறி இல்லாத காலத்தில் வீடு குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று கட்டியவர்கள், 200 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சுவர்களுக்குள் வைஃபை புக வேண்டியிருக்கும் என்று எண்ணியிருக்க முடியாது.

என் சின்னம்மா குடும்பம் அப்படிப்பட்ட ஒரு கடைவீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறது. கீழே கடை. தங்கச்சி எஸ்டிபிஎம் இரண்டாம் தவணையில் இருக்கிறாள், தம்பி ஐந்தாம் படிவம். இருவருக்கும் படிக்கும் இடம் பின் அறைதான். முன் அறையில் இரவு வேலை முடித்து வரும் சித்தப்பா பகலில் தூங்குவார். இணையக் கம்பியோ முன் அறையில்தான் வந்து நிற்கிறது. தங்கச்சி இயங்கலை வகுப்புக்குப் படிக்கட்டில் உட்கார்ந்துகொள்வாள். வாய்மொழிப் படைப்பு ஒன்றின் நடுவில் இரண்டு முறை இணைப்பு அறுந்துபோனது. அதன் பிறகு அவள் தோழி வீட்டிலேயே தங்கிப் படிக்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தாள். சின்னம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. வீடு தேடி வந்த ஒரு விற்பனையாளர், மாதம் கூடுதலாக 50 ரிங்கிட் கொடுத்தால் வேகம் பல மடங்காகும் என்று சொல்லியிருந்தார். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். மொத்தம் 1,200 ரிங்கிட். கையெழுத்துப் போடும் முன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான். நம் வீடுகள் பலவற்றில் இதே கேள்வி இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அளந்து பார்த்தேன். மடிக்கணினியை ரௌட்டருடன் கம்பியால் இணைத்துச் சோதித்தபோது விநாடிக்கு 94 மெகாபிட். அவர்கள் வாங்கியிருப்பது 100 மெகாபிட் திட்டம். அதாவது நிறுவனம் தருவதாகச் சொன்னது வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. அதே கணினியைப் பின் அறைக்குக் கொண்டுபோய் வைஃபையில் சோதித்தால் 3 மெகாபிட், சில நேரம் அதுவும் இல்லை. இந்த நிலையில் 300 மெகாபிட் வாங்கினாலும் பின் அறைக்கு வருவது ஏறக்குறைய அதே 3தான். பைப்பில் தண்ணீர் நிறைய வருகிறது, வாளியில் ஓட்டை இருக்கிறது. பெரிய பைப்பு போட்டு என்ன பயன்?

இந்தச் சோதனையை யாரும் செய்யலாம். ஒரு கம்பியும் ஐந்து நிமிடமும் போதும். இதைச் செய்யாமல் திட்டத்தை உயர்த்தக் கூடாது என்பதே என் கருத்து.

அடுத்ததாக அந்த இரண்டு பெட்டிகள். பலரும் இரண்டையும் சேர்த்து 'மோடம்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் வேலை வேறு. கண்ணாடி இழையில் ஒளியாக வருவதைக் கணினிக்குப் புரியும் மின்சமிக்ஞையாக மாற்றுவது முதல் பெட்டி. ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில், அதாவது 2001க்குப் பிறகு செப்புத் தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்தபோது, இதே இடத்தில் உண்மையான மோடம் இருந்தது. 2010இல் யூனிஃபை அறிமுகமான பிறகு கண்ணாடி இழை வீட்டுக்குள் வந்தது. ஆனால் பெயர் மட்டும் மாறவில்லை. அந்தப் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். இழை எங்கோ மடங்கியிருக்கலாம் அல்லது அறுந்திருக்கலாம். அப்போது ரௌட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும். கண்ணாடி இழை என்பதால் அதைச் சாதாரண மின்கம்பி போல மூலையில் மடித்து ஆணி அடிக்கவும் கூடாது.

இரண்டாவது பெட்டிதான் ரௌட்டர். நிறுவனம் பொதுவாக வீட்டுக்கு ஒரே ஒரு முகவரியைத்தான் தருகிறது. வீட்டில் கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி என்று பத்துக் கருவிகள் இருக்கும். கடைவீட்டுக்குக் கதவிலக்கம் ஒன்று, உள்ளே வாடகைக்காரர்கள் பலர் என்பது போலத்தான். எந்தக் கடிதம் எந்த அறைக்கு என்று பிரித்துக் கொடுக்கும் ஆள் ரௌட்டர். அது உள்ளே கொடுக்கும் முகவரிகள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் 192.168.0.5 இருக்கலாம். அறை எண்கள்தானே, மோதாது.

நிறுவனம் கொடுத்த ரௌட்டருக்குப் பதில் சொந்தமாக வாங்கிப் பொருத்துகிறவர்கள் நம் நாட்டில் அதிகம் தடுமாறுவது ஓர் இடத்தில்தான். புது ரௌட்டரின் 'வான்' துளையில் கம்பியைச் செருகுவார்கள், ஒப்பந்தத்தில் உள்ள பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரியாகத் தட்டுவார்கள், இருந்தாலும் இணைப்பு வராது. காரணம் விலான் எண். ஒரே இழையில் இணையமும் தொலைக்காட்சிச் சேவையும் வருவதால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் ஒட்டி அனுப்புகிறார்கள். கொம்தார் நிலையத்தில் எல்லாப் பேருந்தும் ஒரே இடத்தில் நின்றாலும் எண்ணைப் பார்த்துத்தானே ஏறுகிறோம்? யூனிஃபையில் இணையத்துக்கு 500, தொலைக்காட்சிக்கு 600. இங்கே விற்கப்படும் ரௌட்டர்கள் பலவற்றில் 'யூனிஃபை' என்று ஒரு தேர்வு இருக்கும், அதை அழுத்தினால் இந்த எண்கள் தாமாகவே அமைந்துவிடும். வெளிநாட்டிலிருந்து மலிவாக வரவழைத்த பெட்டியில் அந்தத் தேர்வு இல்லாமல் போகலாம். வாங்கும் முன் விலான் வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

(ஒரு சின்ன விலகல். பினாங்குக்குக் கம்பி வந்தது நேற்று இன்று அல்ல. 1870இல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. அங்கிருந்து சிங்கப்பூருக்கு நீண்டது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சோழமண்டலக் கரையிலிருந்து வந்து குடியேறிய தமிழ் முஸ்லிம்களின் பெயரால்தான் இந்தத் தெருவுக்குச் சூலியா என்று பெயர். 1801இல் உருவான கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இங்கிருந்து நடக்கும் தொலைவுதான். கப்பலுக்காக வாரக்கணக்கில் காத்திருந்த ஊர்ச்செய்தி அந்தக் கம்பி வந்த பிறகு எவ்வளவு விரைவாக வந்திருக்கும்! இன்றும் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொச்சி வழியாக வரும் சேஃப் என்ற கடலடி இழை கரையேறுவது பினாங்கில்தான். கடல் தாண்டி வருவது எளிதாகத்தான் இருக்கிறது, முற்றம் தாண்டிப் போவதுதான் சிரமம்.)

ஏன் சிரமம்? ரௌட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் விரைவில் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரை ஓரளவு கடக்கும், ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் அதிகம். சூலியா தெருவில் அந்த நெரிசல் சாதாரணமானதல்ல. இருபுறமும் தங்கும் விடுதிகள், காப்பிக் கடைகள், பயண முகவர் கடைகள். முன் அறையில் நின்று கைப்பேசியில் தேடியபோது முப்பதுக்கும் மேற்பட்ட வைஃபை பெயர்கள் வந்தன. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். மூன்று தடத்தில் முப்பது பேர். நுண்ணலை அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது என்பதைச் சின்னம்மாவிடம் சொன்னேன். "அப்போ சோறு சூடு பண்ணக் கூடாதா?" என்று கேட்டார். பண்ணலாம், ரௌட்டரை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காமல் இருந்தால் போதும்.

எனவே சுவரோடு சண்டை போடுவதை விட்டுவிட்டுச் சுவரைச் சுற்றிக் கம்பி போகட்டும் என்று முடிவு செய்தோம். வைஃபை நீட்டிப்பான் என்று விற்கும் சின்னப் பெட்டிகளும் இருக்கின்றன. பலவீனமான சமிக்ஞையைப் பிடித்து மறுபடி அனுப்புவதுதான் அவற்றின் வேலை. நடு வீட்டில் ஒன்று வைத்தால் ஓரளவு உதவும். ஆனால் சாதாரண நீட்டிப்பான் கேட்பதற்கும் பேசுவதற்கும் ஒரே தடத்தைப் பயன்படுத்துவதால் வேகம் பாதியாகிவிடும். கம்பிக்கு அந்தக் குறை இல்லை. 'கேட் 5இ' வகைக் கம்பி 100 மீட்டர் வரை தாங்கும். எங்களுக்கு 30 மீட்டரே போதுமானதாக இருந்தது.

இங்கே ஒரு கட்டுப்பாடு. ஜோர்ஜ்டவுன் 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சட்டத்தை விடுங்கள், வாடகை வீட்டின் பழைய சுண்ணாம்புச் சுவரில் துளை போட யாருக்குமே உரிமை கிடையாது என்பது என் எண்ணம். அந்தச் சாந்து ஒருமுறை உதிரத் தொடங்கினால் நிற்காது. நாங்கள் ஆணியே அடிக்கவில்லை. முன் அறையிலிருந்து படிக்கட்டுக் கைப்பிடி ஓரமாக, முற்றத்தைச் சுற்றியுள்ள மர உத்தரத்தில் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிக்கொண்டு பின் அறைக்குப் போனோம். முற்றத்தில் வெயிலும் மழையும் படும் என்பதால் வெளிப்புறப் பயன்பாட்டுக்கான கறுப்பு உறைக் கம்பி. கம்பியும் பட்டையும் சேர்த்து 70 ரிங்கிட்டுக்குள் முடிந்தது. வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.

கம்பியின் மறுமுனையில் வைக்கப் புதிதாக எதுவும் வாங்கவில்லை. அலமாரியில் கிடந்த பழைய ரௌட்டரே போதும். ஆனால் அதை அப்படியே செருகினால் குழப்பம் வரும். இரண்டு ரௌட்டர்களும் 'நான்தான் முகவரி கொடுப்பேன்' என்று நிற்கும். ஒரே கல்யாணப் பந்தியில் இரண்டு பேர் தனித்தனியாக இலை எண் கொடுத்தால் என்ன ஆகும்? அதனால் பழையதை முதலில் மடிக்கணினியுடன் மட்டும் இணைத்து, அதன் சொந்த முகவரியை 192.168.0.2 என்று மாற்றினேன், ஏனென்றால் புதியது 192.168.0.1. பிறகு அதில் டிஎச்சிபி என்ற முகவரி வழங்கும் வேலையை நிறுத்தினேன். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முன் அறையில் உள்ளதைப் போலவே. தடம் மட்டும் வேறு: முன்னால் 1, பின்னால் 11. கடைசியாகக் கம்பியை 'வான்' துளையில் அல்ல, 'லான்' துளைகளில் ஒன்றில் செருக வேண்டும். இந்தக் கடைசி விஷயம் முக்கியம். 'வான்' துளையில் செருகினால் பழைய பெட்டி தன்னை இன்னும் ரௌட்டர் என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் இன்னொரு வீட்டைக் கட்டிவிடும். பிறகு முன் அறை அச்சுப்பொறியைப் பின் அறைக் கணினியால் கண்டுபிடிக்க முடியாது.

புதிய பெட்டிகள் சிலவற்றில் 'அக்செஸ் பாயிண்ட்' என்று ஒரே பொத்தானில் இதையெல்லாம் செய்துவிடலாம்.

பின் அறையில் இப்போது 80க்கு மேல் வருகிறது. ஒப்பந்தம் மாறவில்லை.

இதையெல்லாம் செய்யும்போதுதான் வேறொன்று தெரிய வந்தது. அந்த வீட்டு வைஃபை கடவுச்சொல் கீழ்க் கடைக்காரருக்குத் தெரியும், அங்கே வேலை செய்து போன இருவருக்கும் தெரியும், பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த அதே எண்தான். ரௌட்டரின் உள் அமைப்புக்குப் போகும் கடவுச்சொல்லும் தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான். சித்தப்பா, "நம்ம வீட்ல என்ன இருக்கு திருட?" என்றார். நியாயமான கேள்வி. திருட வருகிறவர்கள் தேடுவது பெட்டியைத்தான், பெட்டிக்குப் பின்னால் இருப்பதை அல்ல.

2016இல் மிராய் என்ற தீநிரல் பரவியது. அது செய்தது மிக எளிமையான வேலை. இணையத்தில் தென்படும் கண்காணிப்புக் கேமராக்கள், ரௌட்டர்கள் ஆகியவற்றில், தொழிற்சாலை வைத்த அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்–கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. திறந்தவை எல்லாம் அதன் படையில் சேர்ந்தன. அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி அந்தப் படை டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல இடங்களில் மணிக்கணக்கில் முடங்கின. மிராயை எழுதியதாக 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்ட மூவரும் அமெரிக்க இளைஞர்கள், நம் வயதை ஒட்டியவர்கள்தான்.

அதனால் இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றினோம். டபிள்யூபிஎஸ் என்ற வசதியையும் அணைத்தோம். எட்டு இலக்க எண்ணைத் தட்டினால் கருவி இணையும் என்பது அது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் முதல் நான்கு இலக்கத்தைத் தனியாகவும் மீதியைத் தனியாகவும் அது சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆகவே 10,000உம் 1,000உம் சேர்த்து 11,000 முயற்சிகளே போதும். 2011 இறுதியிலேயே இது வெளியில் தெரிந்துவிட்டது. கணிதப் பாடத்தில் நிகழ்தகவு எடுக்கிறவர்கள் இதைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

கீழ்க் கடைக்காரரை என்ன செய்வது என்பதில்தான் வீட்டில் விவாதம் நடந்தது. அவர் நல்லவர், மாதம் 20 ரிங்கிட் கொடுக்கிறார், மழை நாளில் துணியை எடுத்து உள்ளே போடுகிறவர். துண்டிக்கச் சின்னம்மா ஒப்பவில்லை. ஒப்பந்தம் சித்தப்பா பெயரில் இருப்பதால் அந்த இணைப்பில் யார் என்ன செய்தாலும் முதலில் கேள்வி வருவது இவரிடம்தான் என்றேன். கடைசியில் முன் அறை ரௌட்டரில் 'விருந்தினர்' வைஃபை ஒன்றைத் தனிக் கடவுச்சொல்லோடு திறந்து அதை அவருக்குக் கொடுத்தோம். அதிலிருந்து வீட்டுக் கணினிகளைத் தொட முடியாது. பொறுப்பு முழுவதும் நீங்கிவிடவில்லை, ஆனால் வேலையாள் மாறும்போது அந்தக் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் போதும். அதை மாற்றும் வேலையைத் தம்பி ஏற்றுக்கொண்டான். உள் அமைப்புக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிச் சின்னம்மாவின் சாமி அலமாரியில் வைத்தோம். பலரும் தாளில் எழுதாதே என்பார்கள். வீட்டுக்குள் பூட்டிய அலமாரியில் இருக்கும் தாளை வெளிநாட்டிலிருந்து யாரும் படிக்க முடியாது.

இடி மின்னலில் இரண்டு பெட்டிகளின் மின்செருகியையும் பிடுங்கி வைப்பது நல்லது. கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, சுவரிலிருந்து வரும் மின்சாரம் கடத்தும். பழைய ரௌட்டரை விற்பதாகவோ யாருக்காவது கொடுப்பதாகவோ இருந்தால், பின்புறம் ஊசித்துளை போல இருக்கும் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிகின்றனவா என்று பாருங்கள். உங்கள் இணையக் கணக்கின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதுவரை அந்தப் பெட்டிக்குள்ளேயேதான் இருக்கும்.