உதவி வேறு, கடை வேறு



சம்பள நாள் பின்னேரம் கடைச் சந்திக்குப் போய்ப் பாருங்கள். சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வருகிற அக்காமார் முதலில் போய் நிற்பது கடை முதலாளியின் கொப்பிக்கு முன்னால்தான். போன மாதம் வாங்கிய அரிசி, மா, பருப்பு, சீனி, சவர்க்காரம் எல்லாம் அதில் இருக்கும். கூட்டிக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம். அதுவும் பத்து நாளில் முடிந்துவிடும். பிறகு மறுபடியும் கொப்பிதான்.

கொப்பியில் வாங்குகிறவர் விலை பேச முடியாது. நிறுவை சரியா என்று கேட்கவும் வாய் வராது. அடுத்த கடையில் விலை குறைவு என்று தெரிந்தாலும் அங்கே போக முடியாது. கடைக்காரரை மட்டும் குறை சொல்லியும் பயன் இல்லை. அவரும் டவுனில் கடனுக்குத்தான் எடுக்கிறார். வராத கடனை விலையில் ஏற்றுகிறார். ஒழுங்காகக் கட்டுகிற குடும்பம் கட்டாதவருக்கும் சேர்த்துக் கட்டுகிறது.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் இதை எல்லோரும் அனுபவித்தோம். அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவு விலை ஒரு வருடத்துக்குள் 94.9 சதவீதம் கூடியது. 100 ரூபாவுக்கு வாங்கியதற்கு 195 ரூபா கொடுக்க வேண்டி வந்தது. சம்பளம் அப்படிக் கூடவில்லை. பல வீடுகளில் மூன்று வேளை இரண்டு வேளையானது. இப்படிப்பட்ட காலத்தில் குறைந்த விலையில் சாமான் கிடைக்க மக்களே சேர்ந்து என்ன செய்யலாம் என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

கல்முனைக் கரையில்

பதுளைப் பக்கமிருந்து மொனராகலை, சியம்பலாண்டுவ, அம்பாறை வழியாக இறங்கினால் காரைதீவில் கடற்கரை வீதி வரும். வடக்கே திரும்பினால் சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை. தெற்கே நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. பெரும்பாலும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்கள். இடையிடையே தமிழ்க் கிராமங்களும் உண்டு. வேளாண்மை, மீன்பிடி, வியாபாரம், மருதமுனையில் கைத்தறி, இவைதான் தொழில்கள்.

நெல் விளைகிற ஊரில் பசி ஏது என்று நினைக்கக் கூடாது. அங்கேயும் கூலிக்குப் போகிறவர்கள் நிறைய. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும். தோணி இறங்காத நாளில் மீனவருக்கு வருமானம் இல்லை. வயல் கூலிக்காரருக்கு விதைப்பு முடிந்தால் பெப்ரவரி, மார்ச் அறுவடை வரை வேலை குறைவு. நமக்கு ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் காய்ந்து கொழுந்து குறைகிற மாதிரித்தான் இது. வேலை குறைகிற மாதத்திலும் வயிறு ஒன்றுதானே?

அந்த ஊர்களுக்கும் நமக்கும் பொதுவான ஒன்று சங்கக் கடை. நம்மவர்கள் கூப்பன் கடை என்று சொன்னது இதைத்தான். 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. நாடு முழுவதும் பங்கீட்டு முறை வந்தது. பதுக்கலும் கள்ள விலையும் கூடாமல் பங்கிட மக்களைச் சேர்த்துக் கூட்டுறவுக் கடைகள் அமைத்தார்கள். சில வருடங்களில் அவை நான்காயிரத்துக்கு மேல் பெருகின. 1957இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகின. கூப்பன் அரிசி, 1979இல் வந்த உணவு முத்திரை, 1995இல் வந்த சமுர்த்தி எல்லாவற்றுக்கும் சாமான் கொடுத்தது பெரும்பாலும் இந்தக் கடைகள்தான். 1977இல் திறந்த வியாபாரம் வந்த பிறகு பல சங்கங்கள் படுத்துவிட்டன. சில இன்னும் நடக்கின்றன.

2004 டிசம்பர் 26 கடற்கோளில் இலங்கையிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையில் வீடும் போய், தோணியும் போய், தறியும் போய் நின்றார்கள். அப்போது அரசாங்கம் ஒரு ஆளுக்கு வாரம் 375 ரூபா உதவி கொடுத்தது. 200 ரூபா காசு, 175 ரூபாவுக்கு உலர் உணவு. அந்த உணவு சங்கக் கடைகள் மூலமாகத்தான் கொடுக்கப்பட்டது.

இதில் ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். கடை தன் முதலில் இருந்து சும்மா கொடுக்கவில்லை. உதவிக்கான காசு வேறு இடத்தில் இருந்து வந்தது. கடை சாமானை நிறுத்துக் கொடுத்தது.

விலை எப்படிக் குறைகிறது?

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு கிலோ சாமான் மொத்தக் கடையில் 200 ரூபா. லொறிக் கூலி, பை, சிந்துவது எல்லாம் 8 ரூபா. சில்லறைக் கடையில் 240 ரூபாவுக்கு விற்கிறார்கள். நமது கடையில் 220 ரூபாவுக்குக் கொடுத்தால் கிலோவுக்கு 12 ரூபா நிற்கும். அதில் ஒரு பங்கு ஒதுக்கு நிதிக்கு. மீதி வருட முடிவில், யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்தக் கணக்குப்படி அங்கத்தவருக்குத் திரும்பும். மாதம் இப்படி 30 கிலோ வாங்கும் குடும்பத்துக்கு விலையிலேயே 600 ரூபா மிச்சம்.

இந்த முறை 1844இல் இங்கிலாந்தில் ரோச்டேல் என்ற ஊரில் நிலைபெற்றது. 28 பேர், அவர்களில் பலர் மருதமுனைக்காரரைப் போல நெசவாளர்கள். ஆளுக்கு ஒரு பவுண் சேர்த்து மா, சீனி, வெண்ணெய், ஓட்ஸ் மா என்று கொஞ்சச் சாமானோடு கடை போட்டார்கள். கலப்படம் இல்லை, நிறுவை குறையாது, கடன் கிடையாது. இவைதான் அவர்களின் கட்டுப்பாடுகள். சென்னை திருவல்லிக்கேணியில் 1904இல் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலையும் இந்த வழியில் வந்ததுதான்.

நாங்கள் விட்ட பிழை

கடன் கிடையாது என்றால் நமது ஆட்களுக்குச் சரிவராது என்று நீங்கள் சொல்வீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் வேலை செய்த ஒரு தோட்டத்தில் 40 குடும்பங்கள் ஆளுக்கு 500 ரூபா போட்டு 20,000 ரூபாவில் ஒரு கடை தொடங்கினார்கள். கணக்குப் பார்த்தது நாங்கள். முதல் மாதம் நன்றாக நடந்தது. இரண்டாம் மாதம் ஒரு வீட்டில் சுகமில்லை. "பாவம், கொடுங்க" என்று நாங்களே சொன்னோம். அடுத்த மாதம் பதினைந்து வீடு கேட்டது. ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு எப்படி இல்லை என்பது? கொஞ்ச நாளில் 13,000 ரூபா கொப்பியில் இருந்தது. கையில் 7,000 ரூபாதான். அரை லொறி எடுத்த இடத்தில் நாலு மூட்டை எடுத்தோம். மொத்த விலையும் கிடைக்கவில்லை. கடையில் அரிசி இல்லாத நாளில், காசு கொடுத்து வாங்கியவர்கள் பழைய கடைக்கே போனார்கள். எட்டாம் மாதம் பூட்டினோம்.

காசு போனதை விட இன்னொன்று மனதில் நிற்கிறது. கடன் வைத்திருந்த ஒரு அம்மா எங்களைக் கண்டால் வேறு படியால் இறங்கிப் போவார். அவருக்கு உதவி செய்யப் போய் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டோம்.

அப்படியானால் இல்லாதவருக்கு என்ன வழி?

இதற்குத்தான் கரையோரத்து ஊர்களைப் பார்க்கச் சொல்கிறோம். அங்கே ஏழைக்குக் கொடுப்பதற்கு என்று தனி ஏற்பாடு உண்டு. அதுதான் ஸகாத். வசதியுள்ள முஸ்லிம் தன் சேமிப்பில் நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும். நெல்லில் மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, செலவு செய்து நீர் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று. அதைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடன்பட்டவரும் ஒரு வகை என்பது கவனிக்க வேண்டியது. இதைச் சேர்த்துப் பங்கிடப் பள்ளிவாசல் அளவில் குழுக்கள் இருக்கின்றன. உதவி அந்தப் பெட்டியில் இருந்து வரும். வியாபாரம் வியாபாரமாக நடக்கும்.

நமக்கும் இது புதிதல்ல. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போடும் பிடியரிசி வழக்கம் நமது பாட்டிமாருக்குத் தெரியும். ஒரு வேளைக்கு ஒரு பிடி ஒருவருக்கும் பாரமில்லை. 40 வீட்டுப் பிடியரிசி மாத முடிவில் சில குடும்பங்களுக்குக் காணும். சுகமில்லாத வீடு, ஆள் இல்லாத வீடு, பிள்ளை பெற்ற வீடு என்று மாதர் சங்கத்து அக்காமார் பார்த்து, சத்தமில்லாமல் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கோயில் கமிட்டியும் மரண உதவிச் சங்கமும் சேர்ந்து ஒரு சிறு நிதியும் வைக்கலாம். அந்த நிதி கடைக்குக் காசு கட்டும். கடை சாமான் கொடுக்கும். கடையின் முதல் குறையாது. வாங்குகிறவர் பெயரும் கொப்பியில் ஏறாது.

தொடங்க நினைப்பவர்களுக்கு

1. முதலில் பத்து, பதினைந்து குடும்பம் போதும். கடை அறை கூட வேண்டாம். சம்பள நாளுக்கு மறுநாள் ஒன்றாக எடுத்து அன்றே பங்கிடுங்கள்.

2. அரிசி, மா, பருப்பு, சீனி என்று நாலு சாமானோடு தொடங்குங்கள். அதிகம் ஓடுவது இவைதான்.

3. கரையோரத்தில் பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை முடிகிற காலத்தில் நெல் விலை பொதுவாக இறங்கும். அரிசி கூடுதலாக எடுக்க நல்ல நேரம் அது.

4. தராசை எல்லோரும் பார்க்கிற இடத்தில் வையுங்கள். காசுப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. இரண்டு சாவியும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது.

5. வாங்கியது, விற்றது, மிச்சம் மூன்றையும் மாதா மாதம் சுவரில் ஒட்டுங்கள்.

6. பல தோட்டங்களில் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கத்தவர் கூட்டத்தில் இதைப் பேசலாம். தனிச் சங்கமாகப் பதிவதென்றால் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்கள உத்தியோகத்தரைக் காணுங்கள்.

பழைய கொப்பியில் இருக்கும் கடனை ஒரே மாதத்தில் தீர்க்க முடியாது. அதை மாதம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே, முதல் மாதம் பருப்பும் சீனியும் மட்டும் காசுக்கு வாங்கிப் பாருங்கள். அடுத்த மாதம் மாவையும் சேருங்கள். கொப்பியில் ஒவ்வொரு வரியாகக் குறையும். நாங்கள் அன்று விட்ட பிழையை நீங்கள் விடாதீர்கள். கேட்டு வருபவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். ஆனால் அவருக்குக் கொடுப்பது பிடியரிசிப் பானையில் இருந்து வரட்டும், கடைப் பெட்டியில் இருந்து வேண்டாம்.