மீன் கழிவில் காசு இருக்குதுங்களா?



கோவை உக்கடம் மீன் மார்க்கெட்டிலும், நம்ம ஊர் ஞாயிற்றுக்கிழமை மீன் கடைகளிலும் தலை, தோல், செதில், குடல், இறால் ஓடு என்று கூடை கூடையாக ஒதுக்குகிறார்கள். "இதிலிருந்து ஆன்டி ஆக்ஸிடன்ட் எடுக்கலாமாமே, குழுவுல தொழிலாச் செய்யலாமுங்களா?" என்று உறுப்பினர்கள் கேட்கலாம். கடன் வாங்குவதற்கு முன்னால் விஷயத்தைத் தெரிந்து கொள்வோம்.

ஆன்டி ஆக்ஸிடன்ட் என்றால் என்ன?

கடலை எண்ணெயைத் திறந்து வைத்தால் நாளாக ஆகக் காறல் வாடை அடிக்கும். காற்றில் உள்ள ஆக்ஸிஜன் எண்ணெயைக் கெடுப்பதுதான் காரணம். அப்படிக் கெடுவதைத் தள்ளிப்போடும் பொருளுக்கு ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று பெயர். நல்லெண்ணெய் சீக்கிரம் காறுவதில்லை. எள்ளிலேயே இந்தப் பொருள் இருக்கிறது. உணவும் தீவனமும் கெடாமல் இருக்கக் கம்பெனிகள் இதை வாங்கிச் சேர்க்கின்றன.

மீன் கழிவில் எங்கே இருக்கிறது?

1. இறால் ஓடு: இறாலை வேக வைத்தால் சிவப்பாக மாறுகிறதே, அந்தச் சிவப்புதான் அஸ்டாக்ஸாந்தின். பச்சை இறாலில் இது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு மறைந்திருக்கும். சூடு பட்டால் பிரிந்து வெளியே தெரியும். இது எண்ணெயில் கரையும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், இறால் கழிவோடு இரண்டு பங்கு சூரியகாந்தி எண்ணெய் சேர்த்து, 70 டிகிரி சூட்டில் இரண்டரை மணி நேரம் வைத்து இதைப் பிரித்தார்கள். இந்தச் சிவப்பு எண்ணெய் மீன் தீவனத்துக்கு ஆகும்.

2. தோலும் செதிலும்: இவற்றில் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. அதைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்தால் சில துண்டுகள் ஆன்டி ஆக்ஸிடன்ட் வேலை செய்கின்றன. உடைப்பதற்கு நொதி வேண்டும். கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதே பப்பெயின் நொதியும் இதற்கு உதவும்.

நாம் செய்யலாமா?

கணக்கைப் பாருங்கள். அந்த ஆய்வில் ஒரு கிலோ கழிவுக்குக் கிடைத்த சிவப்புச் சத்து சுமார் 26 மில்லி கிராம்தான். பத்து கிலோ கழிவுக்கு இருபது கிலோ எண்ணெய் போட்டாலும் கால் கிராம்தான் வரும். எண்ணெய் விலையை யார் கொடுப்பது? கழிவு ஐஸில் இருக்க வேண்டும், நாறிவிட்டால் உதவாது. வெளிச்சமும் அதிகச் சூடும் பட்டால் சத்தே போய்விடும். சாப்பிடும் பொருளாக விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு உரிமமும் தரப் பரிசோதனையும் வேண்டும். ஆகவே, "மெஷின் வாங்குங்க, சரக்கை நாங்களே எடுத்துக்கறோம்" என்று யார் வந்தாலும் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். வாங்குபவர் யார், என்ன விலை என்று எழுத்தில் கேளுங்கள். ஆர்வமுள்ள கூட்டமைப்புகள் முதலில் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயிற்சி பற்றி விசாரிக்கலாம்.

இன்றைக்கே செய்யக் கூடியது

இதே கழிவில் மீன் அமிலம் செய்யலாம். மெஷின் வேண்டாம்.

* ஒரு கிலோ மீன் கழிவைச் சிறிதாக நறுக்கி, ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரையோடு கலக்கவும். கவுந்தப்பாடிச் சர்க்கரை நம்ம பக்கத்திலேயே கிடைக்கிறது.
* பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி நிழலில் வைக்கவும். நாய், எலி அண்டக் கூடாது.
* 21 நாள் கழித்து, தேன் போல வரும் சாற்றை வடிகட்டவும்.
* ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து காய்கறிச் செடிகளுக்குத் தெளிக்கலாம்.

முதலில் உறுப்பினர்களின் தோட்டத்தில் தெளித்துப் பாருங்கள். செலவையும் பலனையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் பேசி, அதன் பிறகு தீர்மானம் போடுங்கள்.

தெரிந்து செய்வோம், கடனில்லாமல் வளர்வோம்!