வீடும் வேண்டும், கார் விடவும் இடம் வேண்டும்

போர்கோ வெக்கியோவில் வீடு தேடும் எம்மவர்கள் வாடகை எவ்வளவு என்று கேட்க முன்னரே "கார் விட இடமிருக்கோ?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயமுண்டு. பக்கத்து வீடுகளில் வேலை செய்பவர்கள் நடந்தே போய் வரலாம். கரினி, பிராங்காச்சோ தொழிற்பேட்டைகளில் இரவுமுறை செய்யும் எங்களுக்கு கார் ஆடம்பரப் பொருளல்ல. சாமத்தில் வேலை முடிந்து வந்து, கார் விட இடம் தேடித் தெருத்தெருவாகச் சுற்றும் களைப்பு எமக்குத் தெரியும்.

துறைமுகத்துக்கும் பொலித்தேயாமா அரங்குக்கும் இடையில், உச்சார்டோனே சிறைச்சாலைக்கு அருகில் இருக்கிறது போர்கோ. 16ஆம் நூற்றாண்டில் நகர மதிலுக்கு வெளியே உருவான குடியிருப்பு இது. கார் என்ற ஒன்று வருவதற்கு முன்பே போட்ட ஒழுங்கைகளில் கராஜுக்கு எங்கே இடம்? ஆகவே தரிப்பிடத்தோடு வீடு கிடைப்பது அருமை.

வாசல்களில் ஒட்டியிருக்கும் அறிவித்தல்களைக் கவனியுங்கள். 'அஃபித்தாசி' என்றால் வாடகைக்கு, 'வெந்தேசி' என்றால் விற்பனைக்கு. 'போஸ்தோ அவுத்தோ' என்பது கார் நிறுத்தும் இடம் மட்டுமே. 'பொக்ஸ்' என்பது பூட்டக்கூடிய கராஜ். தெருவில் வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோட்டுக்குக் காசு, மஞ்சட் கோடு வேறு ஆட்களுக்கு ஒதுக்கப்பட்டது. வீட்டைப் பகலில் பார்த்தாலும், இரவில் ஒருமுறை போய் அந்தத் தெருவில் இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

இனித்தான் முக்கியமான விடயம். "பொக்ஸும் தருகிறேன், வாடகையும் குறைக்கிறேன், ஒப்பந்தம் மட்டும் வேண்டாம்" என்று சிலர் கேட்பார்கள். புதிதாக வந்தவர்கள் மயங்கிவிடுவது இங்கேதான். 1998ஆம் ஆண்டின் 431ஆம் இலக்கச் சட்டப்படி வீட்டு வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 30 நாட்களுக்குள் அதைப் பதிவு செய்வது வீட்டுக்காரரின் கடமை. சாதாரண ஒப்பந்தம் 4 வருடமும் மேலும் 4 வருடமும். உடன்பாட்டு வாடகை என்றால் 3 வருடமும் மேலும் 2 வருடமும். முற்பணம் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பதிந்த தொகைக்கு மேல் கையில் வாங்கும் காசு சட்டப்படி செல்லாது. வீட்டைத் திருப்பிக் கொடுத்து 6 மாதத்துக்குள் அதைத் திரும்பக் கேட்கலாம்.

பொக்ஸ் தருவதாகச் சொன்னால் அதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் வந்த பொக்ஸ் நாளை இன்னொருவருக்குப் போகும். வரி அலுவலகத்தில் பதிந்த பற்றுச்சீட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். வீட்டை ஒப்படைத்து 48 மணித்தியாலத்துக்குள் வீட்டுக்காரர் பொலிசுக்கும் அறிவிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? எமக்கு வீடென்பது படுத்தெழும்பும் இடம் மட்டுமல்ல. வீட்டில் இருக்கும் உரிமையைக் காட்டும் பத்திரம் இல்லாவிட்டால் கொமூனேயில் வதிவிடப் பதிவு இல்லை. அந்தப் பதிவு இல்லாவிட்டால் இத்தாலிய அடையாள அட்டை இல்லை. தெருவில் வதிவோருக்கான தரிப்பு அட்டை கேட்கவும் அதே பதிவுதான் வேண்டும். வேலை விசாவில் இருப்பவர் ஊரிலிருந்து மனைவி, பிள்ளைகளை அழைப்பதானால் வீட்டின் அளவும் பார்ப்பார்கள்: முதல் 4 பேருக்கு ஆளுக்கு 14 சதுர மீற்றர், அதற்கு மேல் ஆளுக்கு 10. அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கு இந்த வீட்டு நிபந்தனை இல்லை.

வெளிநாட்டவர் என்ற காரணத்துக்காக வீடு மறுப்பதும் சட்டப்படி தடைசெய்யப்பட்ட பாகுபாடே. சந்தேகம் வந்தால் வாடகைக் குடியிருப்பாளர் சங்கமான சூனியாவிடம் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேளுங்கள். கையெழுத்து வைப்பதற்கு முன்பே கேளுங்கள்.

காரை நாலு தெரு தள்ளி விட்டுவிட்டு நடந்து வரலாம். பத்திரமில்லாத வீட்டிலிருந்து எந்த நாளும் வெளியேற்றப்படலாம். போர்கோவில் நாம் முதலில் தேட வேண்டியது எமது பெயர் எழுதிய கடதாசி. கார் விடும் இடம் அதற்குப் பிறகுதான்.